கழுகு பழக்கிய கண்

சட்டை தைக்கிற அந்தக் கம்பெனியில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தது யாரென்று கேட்டால் ஆளாளுக்குக் கையைத் தூக்குவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

தையல் மிஷின் லைனின் கடைசியில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை. அதன் பின்னால் நின்றபடியே அவளுடைய பாதி ஆயுசு போயிருந்தது. தைத்து முடித்த சட்டை அவள் முன்னால் வந்து விழும். இடது கையால் காலரைப் பிடித்து ஓர் உதறு. வலது கை தோளில் தொடங்கி அடி ஓரம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடும். திருப்பிப் போட்டு உள்பக்கம் ஒரு பார்வை. நல்லதென்றால் வலப்பக்கம், கெட்டதென்றால் இடப்பக்கம். கெட்டதில் தைத்தவளின் நம்பரைச் சாக்பீஸால் எழுத வேண்டும். எழுதினால் அவளுக்கு அன்றைக்கு, மேற்பார்வை பார்க்கிற லைன் சாரிடம் வசவு. அடிக்கடி எழுதினால் வசவோடு போகாது.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறா பாவி" என்று தையல்காரிகள் திட்டுவார்கள். திட்டுகிற அதே வாய்தான் சாப்பாட்டு நேரத்தில், "கழுகக்கா, இங்க வா, உனக்கு இடம் போட்டிருக்கேன்" என்று கூவும். அதற்குக் காரணம் இருந்தது.

தைக்கிறவளின் தப்பு முதலில் தெரிவது அவள் விரலுக்குத்தான். ஊசி ஒரு தையலைத் தாண்டும், நூல் இறுகும், துணி ஒரு மயிரிழை கோணும். பிரித்துத் தைக்க நேரம் இருக்காது. அடுத்த துணி வந்து மடியில் இடித்துக்கொண்டு நிற்கும். அப்போது அவள் தையல் முடிகிற இடத்தில் நூலை வெட்டாமல் கொஞ்சம் விட்டு, விரலில் சுற்றி, கடுகத்தனை ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பிவிடுவாள். காலர் தைத்தவள் காலரில், கை தைத்தவள் கையில். "இதுல நான் சறுக்கிட்டேன், எனக்கே தெரியும், எழுதிடாத" என்று அதற்கு அர்த்தம். அந்தச் சட்டையைக் கழுகு வலப்பக்கமும் போட மாட்டாள், இடப்பக்கமும் போட மாட்டாள். மேசைக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் கூடையில் நழுவ விடுவாள். சாப்பாட்டு மணி அடித்ததும் அவரவர் தம் சட்டையை எடுத்துப்போய், சோற்றைப் பாதி மென்று பாதி விழுங்கி, பிரித்துத் தைத்து, முடிச்சை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். கம்பெனிக்கு நல்ல சட்டை போய்ச் சேரும். யார் நம்பரும் ஏறாது. முடிச்சுப் போடாமல் தப்பை மறைத்து அனுப்பியவளைக் கழுகு விட்டதே இல்லை. சொந்த நாத்தனாராக இருந்தாலும் எழுதுவாள்.

சொந்த நாத்தனாரும் அதே லைனில்தான் இருந்தாள். காலர் தைப்பவள். கழுகின் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கட்டியவன் வேலை தேடிக் கடல் தாண்டிப் போனான், போன இடத்திலேயே வேறொருத்தியோடு வேரூன்றிவிட்டான். ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவளை, "உள்ள வா, வாசல்ல நின்னு ஊருக்குப் படம் காட்டாத" என்று இழுத்துக்கொண்டவள் கழுகு. முதல் வருஷம் இரண்டு பேருக்கும் எலியும் பூனையும்தான். துணி காயப்போடும் கொடியில்கூட எல்லை பிரித்திருந்தார்கள். பிறகு கழுகே அவளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்டது வீட்டில் சண்டையைக் குறைக்கத்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் நாத்தனாருக்கு அந்த ஸ்டூல்தான் புகுந்த வீடு, பிறந்த வீடு எல்லாம். "அண்ணி, இந்த உலகத்துல எனக்குன்னு இருக்குறது இந்த ஒரு மிஷினு. அதுவும் கம்பெனிக்காரனுது" என்று சிரிப்பாள்.

அவள் ஒரு பயந்தாங்கொள்ளி. தையலில் சந்தேகம் வந்தால் போதும், முடிச்சுப் போட்டுவிடுவாள். கூடையில் கிடப்பதில் பெரும்பங்கு காலர் முடிச்சாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் பாதியில் ஒரு குறையும் இருக்காது.

"ஏண்டி, நல்லா இருக்குற காலருக்கு எதுக்குடி முடிச்சு?" என்று கழுகு அதட்டுவாள்.

"இருக்கட்டும் அண்ணி. நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு மனசு ஆறும்."

அந்த லைனில் இருந்த பெண்களெல்லாம் நிரந்தரத் தொழிலாளிகள். அந்தப் பேரை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நனைந்தபடி உட்கார்ந்து போராடி வாங்கியது அது. நிரந்தரமானவளை நினைத்த மாத்திரத்தில் அனுப்ப முடியாது. தொழிலாளர் அதிகாரி முன்னால் இரண்டு தரப்பும் போய் நின்று, அவர் சரி என்றால்தான் அனுப்பலாம். அந்தப் பேர் இல்லாதவர்களின் கதி என்னவென்று கழுகுக்கு வீட்டிலேயே தெரியும். அவள் வீட்டுக்காரர் அதே கம்பெனிக் கிடங்கில் மூட்டை தூக்கியவர், கான்ட்ராக்ட் ஆள். கிடங்கில் தானாக ஓடுகிற பெல்ட் போட்ட அன்றைக்கு மூட்டைக்காரர்கள் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போகச் சொல்லிவிட்டார்கள். கேட்க நாதியில்லை. அன்று முதல் அவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். "பெல்ட்டுக்கு முதுகு வலிக்காது, லீவு கேக்காது, பீடி குடிக்காது. நானே முதலாளியா இருந்தாலும் அதத்தான் வச்சிருப்பேன்" என்பார். சொல்லும்போது முகம் கல்லாக இருக்கும்.

பெல்ட்டுக்குப் பிறகு கேமரா வந்தது. சட்டையில் குறை பார்க்கிற கேமரா மிஷின். அது வந்த அன்றைக்கு மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து மைக்கில் பேசினார். புது மிஷின் வாங்குகிற கம்பெனிக்கு அரசாங்கம் சலுகை தருகிறதாம். ஆனால் மிஷினால் ஒருத்தருக்கும் வேலை போகக் கூடாது என்பது நிபந்தனையாம். "நாங்க எழுதிக் குடுத்திருக்கோம். இந்த மிஷினால ஒருத்தர்கூட வெளிய போக மாட்டீங்க" என்றார்.

துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் இருந்த மூத்தவள், எல்லோருக்கும் அக்கா, முன்வரிசைக்குக் கேட்கிறாற்போலவே முணுமுணுத்தாள். "எங்க வீட்டு ஆளும்தான் இனிமே குடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தாரு. எழுதின பேனாவ வித்துக் குடிச்சாரு."

மிஷினுக்கு முதலில் வேலை பழக்க வேண்டும் என்று ஓர் இன்ஜினீயர் வந்தார். கம்பெனியில் இருந்த செக்கிங் பெண்கள் அத்தனை பேரிலும் கழுகைத்தான் கை காட்டினார்கள். அவள் மேசைக்கு மேலே ஒரு கம்பி கட்டி, அதில் கோலிக்குண்டு போல ஒரு கேமராக் கண்ணாடியைத் தொங்கவிட்டார்கள்.

"அம்மா, நீங்க எதுவும் சொல்லித்தர வேண்டாம். எப்பவும்போல வேலை பாருங்க. அது மேல இருந்து பாத்துப் பாத்துக் கத்துக்கும், நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரி" என்றார் இன்ஜினீயர்.

"எங்க வீட்டுப் பக்கத்துப் பிள்ளைங்க பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது வாய்க்கு வாய் பேசத்தான். இது பேசுமா?"

"பேசாதும்மா. தப்பப் பாத்தா சிவப்பு லைட்டு எரியும். அவ்வளவுதான்."

அவர் நல்ல மாதிரி. டீ வரும்போது முதல் கிளாஸை அவளுக்குத் தந்தார். கழுகுக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள். சாக்பீஸால் போடுகிற நம்பர் மட்டும்தான் அவளுடைய எழுத்து. அவளிடம் ஒரு மிஷின் பாடம் படிக்க வந்திருக்கிறது. மறுநாள் தலையைப் படிய வாரி, நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். கேமரா கையை மட்டும்தான் பார்க்கும் என்று தெரிந்ததும் நகத்தை வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நின்றாள். லைன் முழுக்கச் சிரித்தது.

முதல் முடிச்சுச் சட்டை கைக்கு வந்தபோது ஒரு கணம் தயங்கினாள். மேலே ஒரு கண் இருக்கிறதே. பிறகு, இருந்தால் என்ன, திருடவா செய்கிறோம் என்று கூடைக்குள் நழுவவிட்டாள். முடிச்சு என்றால் என்னவென்று இரும்புக்கு என்ன தெரியும் என்பது அவள் கணக்கு. நல்லது எது, கெட்டது எது என்பதைத்தானே அது படிக்க வந்திருக்கிறது. மூன்றாவதாக ஒன்று இருப்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தாள். அப்புறம் தயங்கவும் இல்லை. வந்த முடிச்செல்லாம் கூடைக்குப் போயிற்று. கோலிக்குண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பாடம் முடிந்து இன்ஜினீயர் வேறு ஊருக்குப் போனார். பெரிய மிஷின் வந்து, லைனுக்கும் கழுகின் மேசைக்கும் நடுவில் உட்கார்ந்தது. சட்டை அதற்குள் நுழைந்து இந்தப் பக்கம் வரும். நல்லதென்றால் சும்மா வரும். கெட்டதென்றால் சிவப்பு லைட்டு.

முதல் நாளே நாத்தனார் காலரில் போட்ட முடிச்சைப் பார்த்து லைட்டு எரிந்தது. கழுகு சட்டையை எடுத்து வழக்கம்போலக் கூடையில் போட்டாள். அடுத்து ஒருத்தி கைத்தையலில் முடிச்சுப் போட்டாள், அதற்கும் எரிந்தது. லைனில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கோவ், மிஷினுக்கும் நம்ம முடிச்சு புரிஞ்சிடுச்சு!"

"புரியாம? யாரு வளத்த பிள்ளை?"

"கழுகுக் குஞ்சுடி அது!"

அன்றைக்குப் போல அந்த லைனில் சிரித்ததே இல்லை. மிஷினும் நம்ம ஆளுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் முடிச்சைப் போட்டார்கள், அது லைட்டைப் போட்டது, கழுகு கூடையில் போட்டாள். எல்லாம் முன்போலவே நடக்கிறது, இன்னும் சுலபமாக நடக்கிறது என்று நம்பினார்கள். மிஷின் இருக்கிற தைரியத்தில் நாத்தனார் முன்னைவிட அதிகமாக முடிச்சுப் போட்டாள். லைட்டு ஒவ்வொரு தடவை எரியும்போதும் உள்ளே நம்பர் ஏறுகிறது என்று யாரும் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. சாக்பீஸ் எழுதுவதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள். சத்தமே இல்லாமல் ஒன்று எழுதும் என்று எப்படித் தெரியும்?

ஒரு நாள் காலையில் மைக்கில் நாத்தனாரின் நம்பரைக் கூப்பிட்டார்கள். போனவள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், தைக்கவில்லை. கழுகு மேசையை விட்டு ஓடி வந்தாள்.

"என்னடி?"

"கம்பெனியிலயே தப்பு அதிகமா பண்றது நான்தானாம் அண்ணி. வேலைய விட்டு அனுப்ப அதிகாரிக்கு எழுதிட்டாங்களாம்."

கழுகு நேராக லைன் சாரிடம் போனாள். அந்த மனிதர் பரம சாது. கூடையைப் பற்றி அவருக்குத் தெரியும், தெரியாததுபோல இத்தனை காலம் இருந்தவர்.

"சார், அது தப்பு இல்ல, முடிச்சு. உங்களுக்கே தெரியும்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியும்னு சொன்னா மொதல்ல போறது நானு."

"அந்த மிஷினுகிட்டயாவது சொல்லுங்க."

"நான் சொன்னா அது கேக்காது. அது சொன்னா நான் கேக்கணும். இப்ப அப்படித்தான்."

இன்ஜினீயரின் போன் நம்பரை ஆபீஸ் பெண்ணிடம் கெஞ்சி வாங்கிப் பேசினாள். அவர் குரலில் அதே மரியாதை இருந்தது. அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, துணியில தையல் தாண்டினத கேமரா கண்டுபிடிக்கிறது கஷ்டம். முடிச்சு பளிச்சுனு தெரியும். நீங்க முடிச்சு இருந்ததையெல்லாம் ஒதுக்குனீங்க. அது அத நல்லாப் புடிச்சிக்கிச்சு. நீங்க செஞ்சதத்தாம்மா அது செய்யுது."

"அப்ப மாத்திச் சொல்லிக்குடுங்க தம்பி."

"கம்பெனி கேட்டாத்தான் நான் மாத்த முடியும். அவங்க, ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிட்டாங்க."

போனை வைத்த பிறகு அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பைத் தானே ஒத்துக்கொண்டவள்தான் இப்போது பெரிய தப்புக்காரி. ஒத்துக்கொள்ளாமல் மறைத்தவளுக்கு மிஷினில் நல்ல பேர். இந்த நியாயத்தைப் படித்துக் கொடுத்தது அவளுடைய கை.

அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சொன்னால் வழி உண்டு. நாத்தனார் தப்பால் போகவில்லை, மிஷினால் போகிறாள் என்று ஆகிவிட்டால், மிஷினால் யாரும் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்த கம்பெனி அவளை அனுப்ப முடியாது. யூனியன்காரர் அப்படித்தான் விளக்கினார். விளக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு. இத்தனை காலமா தப்பான பீஸ மறைச்சீங்களான்னு கேப்பாங்க. மறைச்சது தப்புன்னு ஆச்சுன்னா, அதுக்காக வேலை போறது மிஷினால போன கணக்குல வராது. முடிச்சுப் போட்ட எல்லாருக்கும் ஆபத்து. உங்களுக்கு மொதல்ல."

செய்தி கை கழுவுகிற குழாயடிக்கு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தையல்காரிகள் கூட்டமாக நின்றார்கள். ஓவர்லாக் அக்காதான் பேசினாள்.

"நீ சொல்லப்போறியாமே?"

"சொல்லாம என்ன செய்ய? அவளுக்கு யாரு இருக்கா?"

"எனக்கு யாரு இருக்கா? இவளுக்கு யாரு இருக்கா? ஒருத்திய காப்பாத்த லைனையே காவு குடுப்பியா? உன் நாத்தனாருன்னதும் நியாயம் பொங்குது."

"அக்கா, வேற யாரா இருந்தாலும் சொல்லுவேன்."

"வேற யாரா இருந்தாலும் இவ்வளவு முடிச்சுப் போட்டிருக்க மாட்டா!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவளே அழுதுவிட்டாள்.

ஓவர்லாக் அக்கா தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். "மழையில உக்காந்து வாங்குனது. ஞாபகம் இருக்கட்டும். அவ்வளவுதான் சொல்லுவேன்."

சாயங்காலம் வீட்டில் உலை வைத்தார்கள். நாத்தனார் அரிசி களைந்தாள், கழுகு காய் நறுக்கினாள். மூட்டைக்காரர் தைலப் புட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவர்தான் பேச்சை எடுத்தார்.

"என்ன பண்ணப்போற?"

"உரல்ல தலைய விட்டாச்சு, உலக்கைக்குப் பயந்தா ஆகுமா? சொல்லத்தான் போறேன்."

"உன் வேலையும் போச்சுன்னா?"

"உங்க தங்கச்சிங்க அவ."

"எனக்குத் தெரியாதா?" என்றவர், அதற்கு மேல் தங்கை பக்கம் பேசுவதா, அடுப்புப் பக்கம் பேசுவதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சம்பாதிக்காத ஆம்பளைக்கு வீட்டில் சுவர்தான் துணை.

நாத்தனார் களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள். "அண்ணி, நாளைக்கு அதிகாரிகிட்ட போக என்ன உடுத்துறது?" என்று மட்டும் கேட்டாள்.

தொழிலாளர் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. மின்விசிறி ஒன்று கிரீச்சென்று சுற்றியது. அதிகாரி நடுவயதுக்காரர், கண்ணில் தூக்கம், பேச்சில் கனிவு. ஒரு பக்கம் கம்பெனி ஆளும் வக்கீலும். இன்னொரு பக்கம் யூனியன்காரர், நாத்தனார், கழுகு.

வக்கீல் கம்ப்யூட்டரைத் திருப்பி அதிகாரிக்குக் காட்டினார். ஒவ்வொரு சட்டையாகப் படம் வந்தது. ஒவ்வொரு காலரிலும் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் கடுகு மாதிரி முடிச்சு. கழுகு ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவளை நம்பிப் போட்டது.

"இதுல எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் அதிகாரி. "இந்தம்மா மிஷின் வந்ததால போறாங்களா, தப்புப் பண்ணினதால போறாங்களா? மிஷினாலன்னா நான் அனுமதி தர முடியாது. தப்பாலன்னா தராம இருக்க முடியாது. சட்டம் அப்படி."

கழுகு எழுந்து நின்றாள். "ஐயா, அந்த வட்டத்துக்குள்ள இருக்குறது தப்பு இல்லைங்க. அது வந்து..."

"ஐயா!" என்று நாத்தனார் எழுந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணியின் பேச்சை வெட்டிப் பேசினாள். "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க ஐயா. ஊசி தெரிய மாட்டேங்குது. தப்பெல்லாம் நான் பண்ணதுதான். எங்க அண்ணி பாசத்துல ஏதாவது சொல்லுவாங்க, அத எடுத்துக்காதீங்க."

வக்கீல் கம்ப்யூட்டரை மெல்ல மூடினார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"ரொம்ப யோசிச்சேன் ஐயா."

அவர் கழுகைப் பார்த்தார். "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

மேசை மறைவில் நாத்தனாரின் கை கழுகின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. தைத்துத் தைத்து உரமேறிய கை. எலும்பு நோகப் பிடித்தது. கழுகு பிடிவாதக்காரிதான். யார் தடுத்தாலும் சொல்வதைச் சொல்லுகிறவள்தான். ஆனால் யாருக்காகச் சொல்ல வந்தாளோ அவளே வேண்டாம் என்று கையைப் பிடிக்கும்போது, அதை உதறிவிட்டுப் பேசுகிற வாய் அவளுக்கு இல்லை.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள். உட்கார்ந்தாள்.

தெருவுக்கு வந்ததும்தான் வெடித்தாள். "ஏண்டி பொய் சொன்னே? உன் கண்ணுக்கு என்னடி கேடு? எறும்பு மீசைய எண்ணுற கண்ணுடி உனக்கு!"

"கத்தாதீங்க அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

"நீங்க சொல்லியிருந்தா நீங்களும் போயிருப்பீங்க. அண்ணன் ஏற்கெனவே வீட்டுல இருக்கு. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்தா உலை கொதிக்குமா?" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதோட, லைன்ல இருக்குற அக்காங்க எல்லாம் என்னைத் திட்டியே சாவாங்க. எனக்கு அது தாங்காது."

அதிகாரி அனுமதி கொடுத்து நாத்தனாரின் வேலை போன பிறகு லைனில் யாரும் முடிச்சுப் போடவில்லை. கூடை காலியாகக் கிடந்து, பிறகு காணாமலே போயிற்று. தப்பு நடந்தால் வாயை மூடிக்கொண்டு அனுப்பினார்கள். கேமரா கண்டுபிடித்தால் அவரவர் தலையெழுத்து. ஒருத்தி தப்பை இன்னொருத்தி மேல் தள்ளுகிற பழக்கம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாருக்கும் இடம் பிடிக்கவில்லை. அப்படியும் மைக்கில் ஒவ்வொருத்தி நம்பராக வந்துகொண்டுதான் இருந்தது. ஓவர்லாக் அக்காவின் நம்பரும் வந்தது. போகிற அன்றைக்கு அவள் கழுகின் மேசைப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

கழுகை மட்டும் யாரும் அனுப்பவில்லை. மிஷினால் ஒருத்தருக்கும் வேலை போகக் கூடாதல்லவா? மேசையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு மெத்தென்ற துணியும் ஒரு புட்டித் தண்ணீரும் கொடுத்தார்கள். கேமராக் கண்ணாடிமேல் பஞ்சுத்தூசி படியாமல் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவள், பார்க்கிறதைத் துடைக்கிறவள் ஆனாள். சம்பளம் அதேதான் என்று மேனேஜர் சொன்னார், பெரிய உபகாரம் செய்தவர் போல.

வேலை போனவர்களுக்கென்று அரசாங்கம் ஒரு பயிற்சி நிலையம் திறந்திருந்தது. நாத்தனார் போய் வரிசையில் நின்றாள். என்ன பழக்குகிறார்கள் என்று பார்த்தால், தையல். ஊரில் வேலை கொடுக்கிற தொழில் அது ஒன்றுதானாம். பழக்க வந்த பெண் முதல் பாடத்தைக் காகிதத்தில் நடத்தினாள். கோடு போட்ட தாளை மிஷினில் வைத்து, நூல் கோக்காமல், கோட்டின் மேலேயே ஊசியை ஓட்ட வேண்டும்.

"நான் தைக்காத தையலான்னு அந்தப் பொண்ண ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்க வேண்டியதுதானே?" என்றாள் கழுகு.

"எதுக்கு அண்ணி? பாவம் சின்னப் பொண்ணு, அவளுக்கும் அது வேலை. நூலில்லாமத் தைக்கிறது நல்லாத்தான் இருக்கு. தப்பே வராது."

மூட்டைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு நாத்தனாரும் சிரித்தாள். கழுகுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

பயிற்சி முடிந்ததும் அமைச்சர் ஒருவர் வந்து கூட்டம் போட்டார். புது மிஷின்களால் இந்த ஊரில் ஒருத்தருக்கும் வேலை போகவில்லை, மாறாகப் பல பேருக்குப் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது என்றார். கைதட்டினார்கள். காகிதக் கணக்கில் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். புதிதாக வேலை கிடைத்தவர்களில் நாத்தனாரும் ஒருத்தி. பயிற்சி முடித்தவர்களை எடுத்துக்கொள்கிற கம்பெனிக்கு இன்னொரு சலுகை இருந்தது. அதனால் அதே கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. அதே லைன், அதே காலர், அதே ஸ்டூல். கழுத்தில் மட்டும் வேறு நிறத்தில் அட்டை: பயிற்சியாளர், கான்ட்ராக்ட். கண் மங்கிவிட்டது என்று அதிகாரி முன்னால் சொன்னவளின் கண்ணை யாரும் பரிசோதிக்கவில்லை.

முதல் நாள் காலையில் நாத்தனார் கழுகுக்கு முன்னால் குளித்துக் கிளம்பி நின்றாள்.

"சீக்கிரம் வாங்க அண்ணி. முன்ன மாதிரி இல்ல. எனக்கு இப்ப லேட்டானா வெளியவே நிறுத்திடுவாங்க, நாளைக்கும் வராதன்னு சொல்லிடுவாங்க."

"போலாம் போலாம். ஓடாத, எனக்கு மூச்சு வாங்குது."

கம்பெனி வாசலில் இப்போது இரண்டு கேட் இருந்தது. நிரந்தரமானவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. மற்றவர்கள் வரிசை மதில் ஓரமாக வளைந்து தெருமுனை வரைக்கும் போயிருந்தது. அந்த வரிசையில் வேறு நிற அட்டையோடு ஓவர்லாக் அக்காவும் நின்றாள். கழுகைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுல போங்க அண்ணி, உங்க கேட் இது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தெருமுனையைப் பார்த்து ஓடினாள்.

கழுகு அங்கேயே நின்றாள். அவள் கேட்டில் வரிசை இல்லை. காவல்காரன் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, உள்ள போகலையா? உங்க கேட்டுல நீங்க ஒரு ஆள்தான் பாக்கி. நீங்க போயிட்டா சாத்திடுவேன்" என்றான்.

அவள் திரும்பி வரிசையில் நாத்தனாரைத் தேடினாள். அந்தக் கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒன்று போலவே தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பின்னால் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது.